வாடையும் கதவும்

கரிசல் எழுத்தைப் பற்றிய விமர்சனக் கட்டுரைகளில் ‘இயல்புவாதம்’ என்ற சொல் அநேகமாக இரண்டாம் பத்திக்குள் வந்துவிடுகிறது. பூமணியின் ‘பிறகு’ அதற்கு முதல் உதாரணமாகக் காட்டப்படும். அடுத்து ஸோலா வருவார். அவருக்குப் பின்னால் அமெரிக்கர்கள் வருவார்கள். மழை பொய்த்த மண், வறுமை, ஆசிரியர் குறுக்கிடாத உலர்ந்த நடை ஆகிய மூன்றும் ஒரு பிரதியில் சேர்ந்துவிட்டால் அது இயல்புவாதம்தான் என்ற எண்ணம் தமிழில் உறுதிப்பட்டிருக்கிறது. சங்கரன்கோவிலில் இருந்துகொண்டு இவ்விரு எழுத்துகளையும் வாசித்துவரும் எங்களுக்கு, இந்த முத்திரையின் அடியில் ஒரு முக்கியமான வேறுபாடு மறைந்துபோவதாகத் தோன்றுகிறது. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

முதலில் முத்திரையின் வரலாறு. எமிலி ஸோலா 1880ல் எழுதிய ‘சோதனை நாவல்’ என்ற கட்டுரையில், மருத்துவன் நோயைக் கவனிப்பதுபோல நாவலாசிரியன் மனிதனைக் கவனிக்க வேண்டும் என்றார். மனிதன் பரம்பரைக்கும் சூழலுக்கும் கட்டுப்பட்ட உயிரி; அவனுடைய சுதந்திரம் பெரும்பாலும் கற்பனை. இந்தக் கொள்கை ஃபிரான்சில் சுரங்கத்தையும் சாராயக் கடையையும் தன் ஆய்வுக்கூடமாகக் கொண்டது. அட்லாண்டிக்கைக் கடந்தபோது ஆய்வுக்கூடத்தின் கூரை பிய்ந்துபோயிற்று. கடல், பனிவெளி, முடிவற்ற கோதுமை வயல் ஆகியவை அதன் களங்களாயின.

ஸ்டீபன் கிரேன் 1897 ஜனவரியில் கியூபாவின் கிளர்ச்சியாளர்களுக்கு ஆயுதம் ஏற்றிச்சென்ற ‘கமோடோர்’ கப்பலில் நிருபராகப் பயணம் செய்தார். ஃப்ளோரிடா கரைக்கு அப்பால் கப்பல் மூழ்கியது. மூன்று பேரோடு ஒரு சிறு படகில் அலைந்து உயிர் பிழைத்தார். அதே ஆண்டில் அந்த அனுபவம் ‘திறந்த படகு’ என்ற கதையாயிற்று. கரை கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் அலைகள் இறங்கவிடுவதில்லை. கடலுக்குத் தங்கள்மீது பகையும் கிடையாது, பரிவும் கிடையாது என்பது அந்தப் படகில் இருப்பவர்களுக்கு மெல்ல மெல்லப் புலனாகிறது. இறுதியில் நால்வரில் மிகுந்த உடல் வலிமை கொண்டவனும் ஓயாமல் துடுப்பு வலித்தவனுமான எண்ணெய்க்காரன்தான் கரையருகே இறந்துபோகிறான். ஏன் அவன் என்ற கேள்விக்குக் கதையில் விடை கிடையாது.

ஜாக் லண்டன் 1908ல் வெளியிட்ட ‘தீ மூட்ட’ இன்னும் கடுமையானது. யூக்கானின் உறைபனியில் பெயரற்ற ஒருவன் ஒரு நாயோடு தனியே நடக்கிறான். பனியில் கால் நனைந்துவிடுகிறது. தீ மூட்டினால் பிழைப்பான். மூட்டுகிறான். மேலே மரக்கிளையில் தேங்கியிருந்த பனி சரிந்து தீயின்மேல் விழுகிறது. விரல்கள் மரத்துப்போகின்றன, தீக்குச்சியைப் பிடிக்க முடிவதில்லை. அவன் இறந்த பிறகு நாய் வேறு மனிதர்களைத் தேடிப் போய்விடுகிறது. குளிர் அவனைத் தேர்ந்தெடுத்துக் கொல்லவில்லை. அவன் அங்கே இருந்தான், குளிரும் அங்கே இருந்தது, அவ்வளவே.

இவை உலகச் சிறுகதையின் சிகரங்கள் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. ஆனால் இதே குளிர் ஓர் உயிரைக் கொண்டுபோகும் கதை எங்கள் பக்கத்திலும் இருக்கிறது. கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் பிறந்து, 2021ல் மறைந்த கி. ராஜநாராயணனின் ‘கதவு’. வறிய குடும்பத்தின் வீடு. குழந்தைகளுக்கு அந்த வீட்டுக் கதவே விளையாட்டுப் பொருள். அதில் தொற்றிக்கொண்டு பஸ் ஓட்டுகிறார்கள். வேலைக்கு வெளியூர் போன அப்பாவிடமிருந்து செய்தி இல்லை. தீர்வை பாக்கிக்காகத் தலையாரி ஆட்களோடு வந்து கதவைக் கழற்றி எடுத்துப் போய்விடுகிறார். கதவில்லாத வாசல் வழியே வாடைக்காற்று உள்ளே வருகிறது. கைக்குழந்தை நோயுற்று இறந்துவிடுகிறது.

லண்டனின் கதையில் குளிருக்கும் மனிதனுக்கும் நடுவில் ஒரு தீக்குச்சி இருந்தது. கி.ரா.வின் கதையில் ஒரு கதவு இருந்தது. அதை ஒருவர் கழற்றினார். வாடைக்கு அந்த வீட்டில் ஒரு கைக்குழந்தை இருப்பது தெரியாது. தீர்வைக் கணக்குக்கு அதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு இருந்தது. கழற்றிய கதவால் அரசாங்கத்துக்கும் எந்தப் பயனும் விளையவில்லை. அது கேட்பாரற்றுக் கிடப்பதைப் பின்னால் பையன் கண்டுபிடிக்கிறான். குழந்தைகள் ஓடிப்போய் அதைத் தொட்டுப் பார்க்கிறார்கள். ஆசிரியர் யாரையும் சாடுவதில்லை. குரலை உயர்த்துவதும் இல்லை. நடையை மட்டும் அளந்து பார்ப்பவர் இதையும் இயல்புவாதம் என்றுதான் சொல்வார். எனினும் வாசித்து முடிக்கும் எவரும் குளிரைக் குற்றவாளி என்று கருதமாட்டார்.

இந்த வேறுபாட்டின் முழு அளவும் ஃப்ராங்க் நாரிஸின் ‘ஆக்டோபஸ்’ நாவலுக்கு வரும்போதுதான் தெரிகிறது. 1901ல் வெளிவந்த இந்த நாவலுக்குப் பின்னணி, 1880ல் கலிஃபோர்னியாவில் ரயில்வே கம்பெனிக்கும் விவசாயிகளுக்கும் இடையில் துப்பாக்கிச் சூட்டில் முடிந்த நிலத் தகராறு. கம்பெனி விவசாயிகளின் நிலத்தைப் பிடுங்குகிறது. ஆட்கள் செத்து விழுகிறார்கள். வெளியேற்றப்பட்ட குடும்பத்தின் தாய் ஒருத்தி சான் ஃபிரான்சிஸ்கோவின் தெருவில் பசியால் சாகிறாள். அதே நேரத்தில் செல்வந்தர் வீட்டில் விருந்து நடக்கிறது. இந்த அளவுக்குக் கண் திறந்து எழுதிய நாரிஸ், ரயில்வே தலைவரின் வாயில் ஒரு வாதத்தை வைக்கிறார்: கோதுமை ஒரு விசை, ரயில்வே ஒரு விசை, இவை தாமே வளர்கின்றன, இதில் மனிதர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. கேட்டுக்கொண்டிருக்கும் கவிஞனால் அதற்கு மறுமொழி சொல்ல முடிவதில்லை. நாவலும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் போய் நிற்கிறது.

நாவலின் முடிவில் ஒரு கப்பல் புறப்படுகிறது. அதன் அடித்தளத்தில் கோதுமை கொட்டப்படும்போது ரயில்வேயின் உள்ளூர் ஏஜென்ட் உள்ளே விழுந்து தானியத்தில் மூழ்கிச் சாகிறான். அந்தக் கப்பல் போகும் இடம் இந்தியா. இங்கே பஞ்சத்தில் வாடுவோருக்கு அந்தக் கோதுமை உணவாகும். தனிமனிதர்கள் அழிந்தாலும் விசை நிலைத்து நிற்கிறது, முடிவில் நன்மையே விளைகிறது என்ற ஆறுதலோடு நாவல் முடிகிறது. அமெரிக்க இயல்புவாதத்தின் ஒரு பெரும் நாவலில் நாம் இடம்பெறும் விதம் இதுதான்: கடலுக்கு அப்பால் முகமில்லாமல் காத்திருக்கும் ஒரு பசித்த கூட்டம். கலிஃபோர்னியாவில் நடந்த அநீதியின் கணக்கை நேர்செய்வதற்கு நம்முடைய பசி பயன்பட்டிருக்கிறது.

அந்தப் பசியின் வரலாற்றையும் சற்றே பார்க்கலாம். நம் பாட்டிமார் ‘தாது வருஷப் பஞ்சம்’ என்று சொல்லிவந்த 1876–78ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சத்தில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சென்னை மாகாணம் அதன் மையங்களுள் ஒன்று. மழை பொய்த்தது உண்மை. பசிபிக் கடலின் வெப்ப மாற்றமான எல் நினோ அக்காலத்தில் கடுமையாக இருந்தது என்று இன்றைய வானிலை ஆய்வு சொல்கிறது. பசிபிக் கடலுக்குத் திருநெல்வேலிச் சீமையின் சம்சாரியைத் தெரியாது. ஆனால் அதே நாட்களில் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கோதுமை கப்பலேறிக்கொண்டிருந்தது. 1877ல் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரணப் பணியில் கல்லுடைக்கும் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணா காசும் போதும் என்று கூலியைக் குறைத்தார். இவற்றை விசை என்று சொல்ல முடியுமா? ஒவ்வொன்றுக்கும் ஓர் உத்தரவு உண்டு; உத்தரவின் கீழே ஒரு கையெழுத்து உண்டு. மைக் டேவிஸ் 2001ல் எழுதிய நூலில் இக்காலத்துப் பஞ்சங்களைப் பருவநிலையும் பேரரசும் சேர்ந்து உண்டாக்கிய படுகொலைகளாகவே காட்டினார்.

இயற்கையின் அலட்சியத்தைக் கண்டுபிடித்த அமெரிக்க எழுத்து, அந்தக் கண்டுபிடிப்பின் வேகத்தில் கம்பெனியையும் சந்தையையும் இயற்கையின் பட்டியலில் சேர்த்துவிட்டது என்பதே எங்கள் தரப்பு. கரிசல் எழுத்து இந்தப் பிழையைச் செய்யவில்லை. அதற்குக் காரணம் எழுத்தாளர்களின் தனிப்பட்ட மேதைமை மட்டுமன்று. இந்த மண்ணின் வாழ்க்கையிலேயே அதற்கான காரணம் இருக்கிறது.

இந்த ஊரின் மேற்கே புளியங்குடிப் பக்கம் போகப்போகச் செவல். கிழக்கே குருவிகுளம், திருவேங்கடம், கழுகுமலை என்று போகப்போகக் கரிசல். ஆனி ஆடி மாதங்களில் மேற்குத் தொடர்ச்சி மலையின் மேல் மேகம் கவிந்து நிற்பது இங்கிருந்தே தெரியும். மழை மலைக்கு அந்தப் பக்கம்; குற்றாலத்துக்குச் சாரல்; எங்களுக்குக் காற்றும் புழுதியும். மானாவாரிச் சம்சாரி ஐப்பசி மழையை நம்பிப் புழுதியில் விதைத்துவிட்டுக் காத்திருக்கிறவர். மேகம் தன்னைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை என்பது அவருக்குக் கண்டுபிடிப்பாக இருக்க இயலாது. அது அவருடைய அரிச்சுவடி. இந்தக் கண்டம் கடவுள் தமக்கென்றே ஒதுக்கிவைத்தது என்று நம்பி வந்து குடியேறிய ஒரு சமூகத்துக்குத்தான் இயற்கையின் மௌனம் ஒரு பேரதிர்ச்சி. அந்த அதிர்ச்சியிலிருந்து கிரேனும் லண்டனும் பிறந்தார்கள். கரிசலில் அந்த மௌனம் தெரிந்த விஷயம். ஆகவே எழுத்தின் கவனம் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறது: மழை இல்லை, சரி, இருக்கிற கம்பு யார் குதிரில் இருக்கிறது?

ஜனங்கள் இயற்கையோடு பேசாமல் இருந்துவிடவும் இல்லை. சங்கரநாராயணர் கோயிலில் புற்றுமண்ணை மருந்தென்று நெற்றியில் இட்டுக்கொள்கிறார்கள். பாம்பும் தேளும் வீட்டில் நடமாடினால் அவற்றின் உருவம் பொறித்த தகடுகளை வாங்கி உண்டியலில் இடுகிறார்கள். ஆடித்தபசன்று சம்சாரிகள் பருத்தியும் வத்தலுமாகத் தங்கள் விளைச்சலில் ஒரு பங்கைச் சூறைவிடுகிறார்கள். ஆடி, கரிசலில் பச்சை அதிகம் காணாத மாதம் என்பதை நினைவில் கொண்டு இதைப் பார்க்க வேண்டும். இது பேதைமையா என்ற விவாதத்துக்குள் நாங்கள் போக விரும்பவில்லை. தேளின் விஷம் யாருடைய தகடையும் எண்ணிப் பார்ப்பதில்லை என்பது தகடு போடுகிறவருக்கும் தெரிந்தே இருக்கும்.

மழைக்காகச் செய்யப்படும் இன்னொரு சடங்கு இதைவிடக் கூர்மையானது. கொடும்பாவி கட்டித் தெருத்தெருவாக இழுத்து, அதன் முன்னே ஒப்பாரி வைப்பார்கள். இழுக்கப்படும் உருவம் மேகத்தின் உருவமோ சூரியனின் உருவமோ அன்று. ஒரு மனிதப் பாவியின் உருவம். ஊரில் ஏதோ அநியாயம் நடந்திருக்கிறது, அதனால்தான் வானம் மூடிக்கொண்டது என்பது அதன் தருக்கம். வள்ளுவர் கடவுள் வாழ்த்துக்கு அடுத்தபடியாக வான்சிறப்பை வைத்தார். கொடுங்கோன்மை அதிகாரத்தில் முறைதவறிய ஆட்சியையும் பெய்யாத மழையையும் இணைத்துப் பேசினார். இயற்பியலாக இது தவறு. ஆனால் பஞ்சம் வந்தால் முதலில் மனிதர்களிடம் கணக்குக் கேள் என்ற பழக்கத்தை இது பல நூற்றாண்டுகளாகக் காப்பாற்றிவந்திருக்கிறது.

இந்தப் பழக்கத்தின் நீட்சியாகவே கரிசல் நாவல்களை நாங்கள் வாசிக்கிறோம். பூமணியின் ‘வெக்கை’ 1982ல் வந்தது. 2019ல் ‘அசுரன்’ படத்துக்கு ஆதாரமானது. கொலை செய்துவிட்ட பதினைந்து வயதுச் சிதம்பரமும் அவன் அய்யாவும் காட்டில் ஒளிந்து திரிகிறார்கள். வெளிப்பார்வைக்கு இது இயற்கையில் உயிர்பிழைக்கும் கதை. சமைக்கிறார்கள், நீர் தேடுகிறார்கள், கிடைத்ததைத் தின்கிறார்கள், பாறையிலும் புதரிலும் உறங்குகிறார்கள். ஆனால் காடு அவர்களைத் துரத்துவதில்லை. காடு அவர்களுக்குச் சோறு போடுகிறது, மறைத்து வைக்கிறது. துரத்துவது நிலத்தை வளைக்க நினைத்தவனின் ஆட்களும் காவல் துறையும். லண்டனின் மனிதன் மனிதர் இருக்கும் முகாமை அடைந்தால் பிழைத்துக்கொள்வான். சிதம்பரத்துக்கோ மனிதர் இருக்கும் இடத்தில்தான் ஆபத்து. திசை முழுவதும் தலைகீழாகிவிட்டது.

சோ. தர்மனின் ‘சூல்’ 2016ல் வெளிவந்து 2019ல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. உருளைக்குடிக் கண்மாய்தான் அதன் நாயகன் எனலாம். மழையின் அலட்சியத்துக்கு ஓர் ஊர் சேர்ந்து சொன்ன பதில் அந்தக் கண்மாய். எப்போது வரும் என்று தெரியாத நீரை, வந்தபோது பிடித்து வைக்கும் ஏற்பாடு அது. மரம் நடுவது, மடை திறப்பது, மண் எடுப்பது எல்லாவற்றுக்கும் ஊரில் முறை இருந்தது. விடுதலைக்குப் பின் அந்தப் பொறுப்பு ஊரின் கையைவிட்டுப் போனதும், கண்மாய் படிப்படியாகச் சீரழிகிறது. தர்மன் அந்தச் சீரழிவை விதி என்று எழுதவில்லை. ஒவ்வொரு படியிலும் ஓர் ஆள் நிற்கிறார், ஒரு லாபம் இருக்கிறது.

எங்கள் தரப்புக்கு மறுப்புகள் உண்டு, அவற்றை ஒதுக்கிவிடலாகாது. கிரேனின் படகில் நால்வருக்கும் இடையில் மலரும் தோழமை அக்கதையின் உயிர். இயற்கை அக்கறையற்றது என்று தெரிந்த பின்னரே அவர்கள் ஒருவர்மீது ஒருவர் அக்கறை கொள்கிறார்கள். லண்டனின் மனிதனுக்கும் ஒரு முதியவர் புத்தி சொல்லியிருந்தார், இவ்வளவு குளிரில் தனியே போகாதே என்று. அவன் அதைக் கிழட்டுப் பேச்சு என்று எண்ணினான். ஆகவே தனிமனிதனின் இறுமாப்பை அந்தக் கதையும் விசாரிக்கிறது என்பதை ஏற்கிறோம்.

மறுபுறம், கரிசல் எழுத்து முழுவதும் ஒரே நேர்மையுடன் கணக்குக் கேட்டிருக்கிறது என்றும் சொல்ல முடியாது. கி.ரா.வின் ‘கோபல்ல கிராமம்’ 1976ல் வந்தது. தெற்கே வந்து குடியேறிய மக்கள் காட்டைத் தீயிட்டுத் திருத்தி நிலமாக்கும் பகுதி அதில் காவிய அழகோடு வருகிறது. அங்கே மனிதனே வென்றவன். எரிந்த காட்டின் தரப்பு மெலிதாகத்தான் கேட்கிறது. அந்த நிலத்தில் உழைத்துக் கடைசிவரை நிலம் காணாதவர்களின் தரப்புக்கு 1979ல் ‘பிறகு’ வர வேண்டியிருந்தது. அழகிரிப் பகடைக்கு மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் ஊரில் அவருக்கென்று வகுக்கப்பட்ட இடம் மாறுவதில்லை. நாவலின் உலர்ந்த நடையைப் பார்த்து இயல்புவாதம் என்கிறோம். அழகிரியின் வாழ்வை நிர்ணயிப்பது பரம்பரையும் சூழலும் என்று ஸோலாவின் சூத்திரத்தைப் பொருத்தினால், சாதி என்ற மனித ஏற்பாடு இயற்கைச் சட்டமாகிவிடும். நாவலே அதை மறுத்துக்கொண்டிருக்கும்போது விமர்சகர் அதை ஒப்புக்கொடுப்பது பெரும் அநீதி. முத்திரையை நாங்கள் எதிர்ப்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

இதெல்லாம் பழைய புத்தகங்களின் சங்கதி என்று தள்ளிவிடவும் வழியில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழையில், காயல்பட்டினத்தில் மட்டும் இருபத்துநான்கு மணி நேரத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. தாமிரபரணிக் கரையும் கரிசல் காடும் ஒன்றாக நீரில் கிடந்தன. ‘இயற்கைச் சீற்றம்’ என்று எல்லோரும் சொன்னோம். மேகத்துக்குச் சீற்றம் கிடையாது என்பதை 1897லேயே கிரேன் எழுதிவிட்டார். அந்தப் பாடம் நமக்கு இன்றும் தேவை. ஆனால் அதோடு நின்றுவிட்டால், எந்தக் கண்மாயின் கரை பல காலமாகக் கவனிக்கப்படாமல் கிடந்தது, எந்த ஓடையின் மேல் மனை பிரிக்கப்பட்டது, யாருடைய குடியிருப்பு எப்போதும் பள்ளத்திலேயே அமைகிறது என்ற கேள்விகள் வெள்ளத்தோடு போய்விடும். பருவநிலை மாற்றத்தால் இத்தகைய மழையும் வறட்சியும் மிகும் என்று அறிவியல் சொல்கிற காலம் இது. இனி வரும் ஒவ்வொரு பேரிடரிலும் நாரிஸின் ரயில்வே தலைவர் வேறு வேறு உடையில் வந்து, இது விசை, இதில் யாரையும் குறைசொல்ல வேண்டாம் என்று நம்மிடம் நயமாக எடுத்துச் சொல்வார்.

இலக்கியம் அவருக்குப் பதில் சொல்லும் முறை கோஷமிடுவது அன்று என்பதையும் கி.ரா. காட்டிவிட்டார். வாடை வீசியதை உள்ளபடி எழுத வேண்டும். அதற்கு இயல்புவாதம் கற்றுத்தந்த உலர்ந்த கண் பெரிதும் உதவும். அதே கண்ணால் கதவு இருந்த இடத்தையும் எழுத வேண்டும். கரிசலைப் பற்றி இனி எழுதப்போகும் விமர்சகர்களிடம் நாங்கள் வேண்டுவதும் இதுவே. ஒரு கதையில் குளிர் எவ்வளவு என்று அளந்து முடித்த பிறகு, அந்த வீட்டுக் கதவு இப்போது எந்தச் சாவடியில் கிடக்கிறது என்றும் தயவுசெய்து விசாரியுங்கள்.